ஏன் என்று கேட்கச் சொன்ன பஷீர் பாய்

அன்று லேபில் இருந்தவர்கள் இவர்கள்தான்: மேனேஜர் மோகன்ராஜ், பாடம் எடுக்கும் காயத்ரி டீச்சர், வாட்ச்மேன் பெருமாள், கம்பெனியிலிருந்து சோதனைக்கு வந்த இரண்டு பேர், பஷீர் பாய். நான் இல்லை. ராசிபுரத்தில் என் தங்கை பேத்திக்கு நிச்சயம் என்று லீவு போட்டிருந்தேன். பந்தியில் உட்கார்ந்திருந்தபோது டீச்சரின் போன் வந்தது. "பாப்பாத்தியம்மா, பாய் போயிட்டாருங்க" என்றார். இலையை மடிக்காமலே எழுந்து சேலம் பஸ்ஸைப் பிடித்தேன். பிறகு ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் கடைசியில் எழுதியிருக்கிறேன்.

பாயை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். சேலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் இருக்கிறது எங்கள் கம்ப்யூட்டர் சென்டர். நான் கூட்டித் துடைக்கிறவள், படிப்பு மூன்றாம் வகுப்பு. அவர் லேபைப் பார்த்துக்கொண்டவர், பத்தாம் வகுப்பு. கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேச ஒயர் இழுப்பது, ஒயரெல்லாம் வந்து சேரும் பெட்டியை மாட்டுவது, நின்றுபோனால் ஓட வைப்பது எல்லாம் அவர் கை. பதினோரு வருடம் அந்தக் கையைப் பார்த்திருக்கிறேன்.

போன ஆடி மாதம், சென்டரை நடத்தும் கம்பெனி புது விதி போட்டது. லேபில் இருப்பவர் நெட்வொர்க்கிங் முதல் நிலைத் தேர்வு எழுதிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டுமாம். மோகன்ராஜ் பாயைக் கூப்பிட்டு, பொங்கலுக்குள் வாங்காவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்றார். கூடவே ஒரு காகிதக் கட்டை மேஜையில் தள்ளினார். பழைய தேர்வுகளில் வந்த கேள்வியும் பதிலும். பையன்கள் அதைத்தான் உருப்போடுவார்கள். பாய் வீட்டில் மனைவி ஷகிலாவும் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்களும். சம்பளம் வருகிற ஒரே ஆள் பாய்.

அந்தக் கட்டை எடுத்துக்கொள்ளச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. பையன்கள் கத்துவதைக் கேட்டே எனக்கு அது பாடம். "சாமி, பதினேழு சி, பதினெட்டு ஏ, பத்தொம்பது டி. நான் சொல்லித் தாரேனுங்க, நீங்க அப்படியே ஒப்பிச்சாப் போதும்" என்றேன்.

பாய் வாய் விட்டுச் சிரித்தார். "பரிச்சையில அத மாத்தி மாத்திப் போடுவாங்கம்மா. இங்க சி, அங்க ஏவா உக்காந்திருக்கும்."

எனக்குக் கோபம். இரண்டு நாள் அவருக்கு டீ வாங்கி வரவில்லை. மூன்றாம் நாள் அவரே வந்து நின்றார். "கட்டைப் படிச்சும் பாஸ் ஆயிரலாம்மா. மறுநா லைன் போச்சுன்னா ஒயரு என் சர்ட்டிபிகேட்டையா பாக்கும்?" என்றார். கோயம்புத்தூரில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஒன்றும் இருந்தது. ஒரே ஒரு ஞாயிறு போய்விட்டு வந்தார். அவர்கள் பேசிய இங்கிலீஷ் காதுக்குள் நுழைவதற்குள் அடுத்த பாடம் வந்துவிட்டதாம். கடைசியில் புத்தகமும் லேபும் போதும் என்று முடிவெடுத்து, அந்தக் கேள்விக்கட்டை மேனேஜர் மேஜையிலேயே திரும்ப வைத்தார்.

"தோத்துட்டு இந்தப் படி ஏறாதீங்க பாய்" என்றார் மோகன்ராஜ். நான் மாப்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

அன்றிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்கு வந்துவிடுவார். நான் துடைக்கத் துடைக்க, ஒரு பக்கம் படித்து எனக்குத் தமிழில் சொல்வார். "ஏன்னு கேளுங்கம்மா. உங்களுக்குப் புரியலன்னா எனக்கும் புரியலன்னு அர்த்தம்." நானும் விடமாட்டேன். இருநூற்று ஐம்பத்தாறு நம்பரை நாலு பங்கு போட்டால் பங்குக்கு அறுபத்து நாலு, ஆனால் மெஷினுக்குக் கொடுக்க அறுபத்திரண்டுதான் என்றார். ஏன் என்றேன். முதல் நம்பர் அந்தப் பங்குக்கே பெயர், கடைசி நம்பர் எல்லாரையும் ஒரே நேரத்தில் கூப்பிட என்றார்.

"அப்ப ரெண்டு பக்கமும் வரப்புக்குப் போயிருதுங்களா?" என்றேன். அவர் புத்தகத்தை மூடிவிட்டு என்னையே பார்த்தார். இரண்டு வாரமாக மண்டையில் ஏறாதது இப்போது ஏறிவிட்டது என்றார்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. அவர் திரும்பி நிற்க வேண்டும், நான் பெட்டியிலிருந்து ஏதாவது ஒரு ஒயரை உருவ வேண்டும். அவர் கம்ப்யூட்டரில் தட்டித் தட்டியே எது என்று சொல்லிவிடுவார். எந்த ஒயர் எந்த ஓட்டைக்கு என்று எனக்கும் மனப்பாடம் ஆயிற்று.

இருந்தும் மாதிரித் தேர்வில் இரண்டு முறை தோற்றார். மார்கழி பிறந்துவிட்டது. ஒரு நாள் காலையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குப் பயம் வந்துவிட்டது. பையன்கள் விட்டுப்போன கட்டு ஒன்றை எடுத்து வந்து அவர் முன் வைத்தேன். அதை விரலால் ஓரமாகத் தள்ளினார். "ஏன்னு கேளுங்கம்மா" என்றார். கேட்டேன்.

தேர்வு கோயம்புத்தூரில். அன்று சாயங்காலம் வரை மோகன்ராஜ் கடிகாரத்தைப் பார்ப்பதும் படியைப் பார்ப்பதுமாக இருந்தார். பாய் ஏறி வந்தவர் அவரைத் தாண்டி என்னிடம் வந்துதான் காகிதத்தை நீட்டினார். "வரப்புக் கேள்வி ஆறு வந்துச்சும்மா. ஆறும் சரி."

மோகன்ராஜ் அந்தச் சான்றிதழுக்குச் சட்டம் போட்டு வாசலில் மாட்டி, எங்கள் கேள்விக்கட்டால் வென்றவர் என்று கீழே எழுதி வைத்தார். அந்த வரியை எடுத்துவிடச் சொல்லிப் பாய் கேட்டார். எடுக்கவில்லை.

பங்குனியில் கம்பெனி ஆட்கள் சோதனைக்கு வந்த நாள்தான் பாய் போன நாள். காலை ஒன்பது மணிக்கே பாய்க்கு இடது கை வலி, வேர்வை. ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். பெருமாள் கீழே ஆட்டோவை நிறுத்தி வைத்திருக்கிறார். சான்றிதழ் வாங்கிய ஆளைத்தான் அவர்கள் முதலில் கேட்பார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும் என்று மோகன்ராஜ் ஆட்டோவைத் திருப்பி அனுப்பிவிட்டார். அவர்கள் வந்ததே பன்னிரண்டு மணிக்கு. கேட்டதற்கெல்லாம் பாய் நின்றுகொண்டே பதில் சொன்னாராம். எப்படிப் படித்தீர்கள் என்று கடைசியாகக் கேட்டார்களாம்.

"இங்க கூட்டுற அம்மாகிட்ட சொல்லிச் சொல்லிப் படிச்சேங்க" என்றாராம். அப்படியே பெட்டியைப் பிடித்தபடி சாய்ந்துவிட்டார்.

மறுநாள் லேபில் பாதி மெஷினுக்கு லைன் இல்லை. அவர் விழுந்தபோது ஒரு ஒயர் கையோடு வந்திருக்கிறது. எது எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியும். மேலிருந்து இரண்டாம் வரிசை, ஏழாவது ஓட்டை. மாட்டினேன். பச்சை விளக்கு எரிந்தது. வாசலுக்குப் போய், சான்றிதழுக்குக் கீழே இருந்த அந்த வரியையும் கிழித்துப் போட்டேன்.

போய் வாருங்கள் பாய். காலை ஏழு மணிக்குக் கூட்டும்போது இன்னும் ஏன் என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். என் வயதுக்கு எத்தனையோ பேர் மேல் கோபம் வைத்திருந்து, சாகும்போது கொண்டுபோக முடியாது என்று விட்டிருக்கிறேன். நின்றிருந்த ஆட்டோவைத் திருப்பி அனுப்பிய ஒருவரை மட்டும் நான் மன்னிக்கப் போவதில்லை. அவர் பெயர் மோகன்ராஜ்.