போலந்துக்காரருக்கு நான் வாசித்த வரவேற்புரை

கடத்தூரில் சித்தப்பா மகள் கல்யாணம். மண்டப வாசலில் ஒரு சின்னப் பெண் என் மேல் பன்னீர் தெளித்த நேரம் பார்த்து போன் அதிர்ந்தது. காலேஜ் வாட்ஸ்அப் குரூப். அந்தப் போலந்து புரொபசர் இறந்துவிட்டாராம். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். அதில் பாதிப் பேருக்கு அவர் என்ன கண்டுபிடித்தார் என்று இன்றுவரை தெரியாது. பன்னீர் ஈரத்தைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டேன். அவருக்கும் நாங்கள் பன்னீர் வைத்தோம். அவர் இருந்தது போலந்தில், பன்னீர் இருந்தது எங்கள் செமினார் ஹால் வாசலில்.

எம்.எஸ்சி. பிசிக்ஸில் நாங்கள் பதினோரு பேர். வேறு எங்கும் சீட் கிடைக்காமல் வந்தவர்கள் பத்துப் பேர், அதில் நான் முதல் ஆள். பிசிக்ஸ் படிக்கவே வந்தவள் கோமதி. தீர்த்தமலைப் பக்கத்திலிருந்து தினம் இரண்டு பஸ் மாறி வருவாள். காந்தத்தைச் சூடாக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அது காந்தமாக இருப்பதையே விட்டுவிடும். அந்தக் கட்டத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்று கணக்குப் போட்டே ஆயுளைக் கழித்தவர் அந்த மனிதர். கோமதி அவருடைய கட்டுரை ஒன்றைப் பஸ்ஸிலேயே படித்து, ஒரு சந்தேகம் இருப்பதாக அவருக்கே மெயில் போட்டாள்.

"அவுரு எங்க, நீ எங்க" என்று சிரித்தேன்.

நாலாம் நாள் பதில் வந்தது. உங்கள் வகுப்புக்கு ஒரு மணி நேரம் ஆன்லைனில் பேசுகிறேன், முடிவில் உன் கேள்வியை நீயே கேள். ஓய்வு பெறுவதற்குள் கடைசியாக ஒரு ஆராய்ச்சி மாணவரை எடுக்கப்போகிறேன், இந்த வாரமே முடிவு செய்வேன், பேசவிட்டுக் கேட்காமல் யாரையும் எடுப்பதில்லை என்று எழுதியிருந்தார்.

எச்.ஓ.டி. சார் அதை விழாவாக்கிவிட்டார். பிளக்ஸ், குத்துவிளக்கு, சந்தனம், கல்கண்டு.

"சார், அவுரு ஒரு மணி நேரந்தாங்க சார் குடுத்திருக்காரு" என்றாள் கோமதி.

"வெளிநாட்டு விருந்தாளிம்மா. மரியாத பண்ணாம வெறுமனே பேசிட்டுப் போன்னு வுட முடியுமா? அல்லாம் அதுக்குள்ள முடிச்சிரலாம்."

வரவேற்புரை எனக்கு. என் இங்கிலீஷ் நன்றாக இருக்கும் என்பதைவிடச் சத்தமாக இருக்கும்.

"டேய், உன் கால்ல வேணா வுழறேன், ரெண்டே நிமிசத்துல முடிச்சிரு" என்றாள்.

"முடிச்சிர்றேன் போ."

கடவுள் வாழ்த்து, விளக்கு, தாளாளர் பேச்சு. பிறகு சார் பொன்னாடையை எடுத்து லேப்டாப்புக்கே போர்த்தினார். கேமரா மூடிக்கொண்டது. உள்ளிருந்து "ஹலோ, ஹலோ" என்று குரல் வந்தது. கை தட்டிக்கொண்டிருந்த யாருக்கும் கேட்கவில்லை. கோமதிதான் ஓடிப்போய்த் துணியை விலக்கினாள்.

அப்புறம் நான். நெட்டில் கிடைத்ததை எல்லாம் சேர்த்து எட்டுப் பக்கம் எழுதி வைத்திருந்தேன். சுரங்கத் தொழிலாளி மகன். முதல் ஆராய்ச்சியை யாரும் மதிக்கவில்லை. சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பல வருஷம் வாத்தியார் வேலை. தலை நரைத்த பிறகு தங்க மெடல், வெளிநாட்டுப் பட்டங்கள், அவர் பேரிலேயே ஒரு சூத்திரம். ஒவ்வொரு விருதுக்கும் ஹால் கை தட்டியது. எனக்கே தட்டுகிற மாதிரி இருந்தது. மூன்றாவது வரிசையில் கோமதி வாட்சைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். வெளியூரிலிருந்து பேச வந்த ஒரு பேராசிரியரிடம் கூட்ட முடிவில் எழுந்து கேள்வி கேட்டதால்தான் இந்தப் போலந்துக்காரருக்கே ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்தது என்று அதில் இருந்தது. அதையும் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன்.

திரையில் அவர் டீயைக் குடித்து முடித்திருந்தார். "என்னைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டேன்" என்றார். பத்து நிமிஷம் காந்தத்தைப் பற்றிப் பேசினார். அடுத்த வகுப்பு இருக்கிறது, மன்னியுங்கள் என்றார். திரை அணைந்தபோது கோமதி கையைத் தூக்கி நின்றுகொண்டிருந்தாள். சார் நன்றியுரையை ஆரம்பித்திருந்தார்.

இன்னொரு நாள் பேச முடியுமா என்று அன்றைக்கே மெயில் போட்டாள். ஒரு வாரம் கழித்து அவருடைய ஆபீஸிலிருந்து யாரோ பதில் எழுதினார்கள், இடம் நிரம்பிவிட்டதாக. அவள் என்னைத் திட்டுவாள் என்று மூன்று நாள் ஒளிந்து திரிந்தேன். கேன்டீனில் அவளே எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"நல்லாத்தான்டா படிச்ச. எங்கயும் தடுமாறல" என்றாள். அவ்வளவுதான்.

இப்போது அங்கே எம்.எஸ்சி. பிசிக்ஸ் இல்லை, சேர ஆள் இல்லாமல் மூடிவிட்டார்கள். கோமதி ஓசூரில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். பந்தியில் உட்காராமல் மண்டபத்துக்குப் பின்னால் போய் அவளுக்குப் போன் போட்டேன்.

"பாத்தேன்" என்றாள். பின்னால் மிஷின் சத்தம். "அன்னிக்கு அவுருகிட்ட என்ன கேக்க இருந்தேன்னு காத்தாலருந்து யோசிக்கறேன்டா. வர மாட்டேங்குது. உனக்கு எதுனா ஞாபகம் இருக்குதா?"

எனக்கு எப்படி இருக்கும். அந்தக் கேள்வி என்னவென்று அவளிடம் நான் கேட்டதே இல்லை.