வெரிபீ சவுத்: ஒரே நொடியில் மூடிய வால்வு

மல்கிரேவ் என்ற புறநகர் அலுவலகத்தில் எட்டு மாதமாகப் பாசனக் குழாய்களைத் திரையில் மட்டுமே வரைந்துகொண்டிருந்தேன். நிஜத்தில் ஒன்றையாவது பார்க்க வேண்டும் என்று பிப்ரவரிக் கோடையில் ஒரு வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்தேன். வெரிபீ சவுத் காய்கறிப் பண்ணை ஒன்றில் என் அறைத்தோழியின் அண்ணன் சிவம் வேலை பார்க்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர்.

காலை 6.40க்குப் பேருந்து, பிறகு ரயில், நகரில் இன்னொரு ரயில். 8.55க்கு வெரிபீ. நாள் முழுவதற்கும் பயணச்சீட்டு பதினொரு டாலர். அங்கிருந்து பண்ணைக்கு எட்டுக் கிலோமீட்டர், சிவம் அண்ணாவின் காரில். கோஸ் வயல்களுக்குப் பின்னால் கடல் தெரியும். அழகான இடம், வெயில்தான் மண்டையைப் பிளக்கும்.

குழாய் இணைப்பு ஒன்று கசிந்துகொண்டிருந்தது. அண்ணா இடுப்பளவு குழிக்குள் இறங்கினார். அங்கே வால்வை மூடிய பிறகுதான் பம்ப்பை நிறுத்துவார்கள். பம்ப்பிலிருந்து தண்ணீர் குழியைத் தாண்டித்தான் வால்வுக்கு வரும்; வால்வு எண்பது மீட்டர் தள்ளி, பம்ப்பை நிறுத்தும் பொத்தானுக்குப் பக்கத்தில் இருந்தது.

"தங்கச்சி, அதைப் பூட்டுங்கோ. நீங்கள் எஞ்சினியர்தானே, நான் என்ன சொல்லித் தாறது!"

அவர் பேச்சில் பூட்டுவது என்றால் மூடுவது. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். தெரியாது என்று சொல்ல நாக்கு எழவில்லை. தலையாட்டிவிட்டு நடந்தேன்.

எங்கள் ஊரில் குழாயில் தண்ணீர் ஒரு மணி நேரம்தான் வரும். குடம் நிறைந்த கணமே சட்டென்று மூடுவது கைப்பழக்கம். அந்த நீளக் கைப்பிடியையும் அப்படித்தான் ஒரே இழுப்பில் மூடினேன்.

காலடியில் மண் அதிர்ந்தது. பூமிக்குள் யாரோ சம்மட்டியால் அடித்ததுபோல் ஒரு சத்தம், உடனே இன்னொன்று. ஓடி வந்த தண்ணீருக்குப் போக இடமில்லை; திரும்பி அடித்துக் கசிந்த இணைப்பைப் பிளந்துவிட்டது. குழியிலிருந்து பனை உயரத்துக்கு நீர் பீறிட்டது. அண்ணாவைக் காணோம்.

"அண்ணா!"

பம்ப் ஓடிக்கொண்டே இருந்தது. அதன் சிவப்புப் பொத்தானை ஓங்கி அழுத்தினேன். குழியை நோக்கி ஓடினேன். அந்த எண்பது மீட்டரும் அவருடைய தங்கைக்கு என்ன சொல்வது என்றே மனதில் ஓடியது.

குழியின் மறுகரையில் சேற்றோடு சேறாக உட்கார்ந்து, சிரித்தபடி காதைக் குடைந்துகொண்டிருந்தார்.

"இருக்கிறன், இருக்கிறன். எத்தினை செக்கனிலை பூட்டினீங்கள்?"

"ஒரே செகண்டுலண்ணா."

"கடவுளே! நான் அரை நிமிசம் எடுக்கிறனான்."

"இதுக்கு முன்னாடி வால்வைத் தொட்டதே இல்லண்ணா."

"அதை முதலே சொல்லியிருந்தா நான் வெளியிலை வந்திருப்பனே, பிள்ளை!"

திறந்துபோன இணைப்பின் இரும்புப் பட்டை, அவர் நின்ற இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி மண்ணில் குத்திக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் அதைப் பார்த்தோம். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: தொப்பியும் முழங்கால் வரை பூட்ஸும் அவசியம். பண்ணைக்காரரிடம் முன்பே அனுமதி கேளுங்கள். கைப்பிடி வால்வை மெதுவாக, முப்பது எண்ணி மூடுங்கள். குழிக்குள் ஆள் இருந்தால் மூடவே வேண்டாம். எல்லாவற்றுக்கும் முதலில், தெரியாது என்றால் தெரியாது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நான் சொல்லாமல் விட்டதற்கும் அவர் காலுக்கும் நடுவே இருந்தது ஒரு சாண்தான்.