அவன் கைக்கு ஏற்ற வில்

என் மனைவியின் தம்பி செம்மண்டலத்தில் எங்களுக்கு அடுத்த தெருவில் இருந்தான். செம்மங்குப்பத்தில் ஓர் ஆலையில் வெல்டர் வேலை. ஒரு புயலுக்குப் பிறகு பல நாள் கரண்ட் இல்லாமல், கடை திறக்காமல் கிடந்தோம். அதிலிருந்து அவனுக்கு ஒரே யோசனை: எல்லாம் நின்றுபோனால் மனுஷன் எதைச் சாப்பிடுவான்? காட்டில் தனியாகப் பிழைக்கும் வீடியோக்களாகப் பார்த்தான். கடைசியில் வில் வாங்க வேண்டும் என்றான். சக்கரம் வைத்த புது வில் வேண்டாமாம்.

"அது உடைஞ்சா காட்டுல எவன் மாமா சரி பண்ணுவான்? மூங்கிலும் நாணும் போதும்."

சிதம்பரத்தில் பிள்ளைகளுக்கு வில்வித்தை கற்றுக்கொடுக்கும் ஒருவர் மூங்கில் வில்லும் செய்துவந்தார். ஒரு ஞாயிறு காலை பைக்கில் போனோம்.

"வேட்டைக்குன்னா தரமாட்டேங்க. முயல் அடிச்சாலும் கேஸு" என்றார் எடுத்த எடுப்பில்.

"அடிக்க மாட்டேங்க. தெரிஞ்சு வச்சிக்கணும், அவ்ளோதான்."

முதலில் அம்புகளை எடுத்தான். ஒவ்வொன்றாகத் தரையில் உருட்டி, நேராக ஓடாமல் ஆடியதை ஒதுக்கினான். வில்லுக்குத் தக்க விறைப்பு அம்புக்கு இருக்க வேண்டும் என்று அவர் சொன்னதற்கு, அதெல்லாம் தெரியும் என்பதுபோலத் தலையாட்டினான். அன்று அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

பிறகு வில். அவன் உயரத்துக்குப் பொருத்தமானதைக் கொடுத்தார். நாண் பாதி தூரம்கூட வரவில்லை. அதைவிட இளகிய ஒன்றைக் கொடுத்தார். அதுவும் வரவில்லை. பள்ளிக்கூடப் பெண்கள் பழகும் வில்லை எடுத்து வந்தார். விரல்கள் நடுங்கி நாண் நழுவியது. அவன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. அவன் வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரல் அடியில் சதை வற்றிக் குழிந்திருந்தது. வாரத்துக்கு ஒரு முறையாவது பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் நான். அதுவரை அதைக் கவனித்ததில்லை.

"அசதிங்க" என்றான். "அந்தச் சின்ன வில்லையே குடுங்க."

அவர் என்னைத் தனியே அழைத்து, "சீக்கிரம் டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றார்.

நான் காட்டவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை. அவன் மாடியில் வைக்கோல் மூட்டையைக் கட்டி, அந்தச் சின்ன வில்லை முடிந்தவரை இழுத்து அம்பு விட்டுக்கொண்டிருந்தான். அதைக் கெடுக்க மனம் வரவில்லை. ஒன்றரை மாதம் கழித்து ஆலையில் வெல்டிங் கருவி அவன் கையிலிருந்து விழுந்த பிறகுதான் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். நரம்பு நோய், தசை ஒவ்வொன்றாகச் செயலிழக்கும், மருந்து இல்லை என்றார்கள். முன்பே வந்திருந்தாலும் இதுதான் என்றார் டாக்டர். அதைக் கேட்டும் எனக்கு ஆறவில்லை.

பேச்சு குழற ஆரம்பித்த நாட்களில் ஒரு மத்தியானம், நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது கேட்டான்.

"மாமா, வில்லு வாங்குன அன்னைக்கே உங்களுக்குத் தெரியும் இல்ல?"

"தெரியும் மச்சான்."

"சொல்லாம இருந்தது நல்லதுதான். அந்த ஒன்றர மாசம் ஜாலியா இருந்தேன்."

நிஜமாகத்தான் சொன்னானா, என்னைத் தேற்றச் சொன்னானா தெரியவில்லை. வாயைத் துடைத்துவிட்டு அடுத்த கரண்டியை நீட்டினேன். அடுத்து வந்த தை மாதம் போய்விட்டான்.