சிவப்புச் சப்பாத்துக்குள் நைலோன் காலுறை

பழைய சினிமாப் பொருட்களுக்குப் பெயர் அட்டை எழுதுவது ஒரு வேலை. அந்த அட்டையில் பிழை இல்லை என்று நம்பிச் சோறு தின்பது இன்னொரு வேலை.

வட லண்டனில் ஒரு சிறிய திரைப்படக் காட்சியகத்தில் ஆறு மாத ஒப்பந்தத்தில் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் எடுத்தவள் நான். அறுபது வருடத்துக்கு முந்திய ஒரு ராக் அண்ட் ரோல் பாட்டுப் படத்துக்குக் கண்காட்சி வைக்கிறார்கள். அதில் நடித்தவர்களையும் அதை எடுத்தவர்களையும் தேடிப்போய் விசாரித்து, ஒவ்வொரு பொருளுக்கும் நாற்பது சொல்லுக்கு மேற்படாமல் அட்டை எழுதவேண்டும். படத்தின் பெயரைச் சொல்லலாமா என்று யாரிடமும் நான் கேட்கவில்லை, ஆகவே சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் வேலை செய்யும் உங்களுக்கு இந்தப் பயம் விளங்கும். பொறுப்பாளர் மின்னஞ்சலில் "ஓகே." என்று போட்டால், அதற்குப் பின்னால் முற்றுப்புள்ளி ஏன் என்று அரை நாள் யோசிக்கிற கூட்டம் அல்லவா நாங்கள்?

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் பேசியவர்களையும் எங்கள் வீட்டுத் தமிழிலேயே பேச வைத்திருக்கிறேன். பேச்சுக்கென்று வேறு தமிழ் எனக்குத் தெரியாது.

கவுண்டரில் ஆடிய கால்கள்

படத்தைப் பார்க்காதவர்களுக்கும் ஒரு காட்சி தெரியும். கோப்பிக் கடைக் கவுண்டரின் மேல் ஒரு சோடிச் சிவப்புச் சப்பாத்து ஆடுகிறது. முழங்காலுக்கு மேல் ஆளே இல்லை. சுற்றிவர கோப்பைகள் துள்ளுகின்றன. அவை கதாநாயகன் டெரிக்கின் கால்கள் என்பது எல்லாருடைய நம்பிக்கை. டெரிக்குக்கு இப்போது எண்பத்து மூன்று வயது. கண்காட்சியை அவர்தான் திறந்துவைப்பதாக ஏற்பாடு. சப்பாத்தின் படத்தைப் போட்டு, "அந்தக் கால்கள் நேரில் வருகின்றன" என்று சுவரொட்டியும் அடித்தாகிவிட்டது.

சப்பாத்துக்கு அட்டை எழுதும் பொறுப்பு எனக்கு. திறப்பு விழாவுக்கு அடுத்த கிழமை என் ஒப்பந்தம் முடிகிறது. அதை நீட்டுவதா இல்லையா என்பது எங்கள் பொறுப்பாளர் ஹெலனின் கையில். இதையெல்லாம் ஹவுன்ஸ்லோவில் வீட்டில் சாப்பாட்டு மேசையில் விளக்கிச் சொன்னேன். விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் பகுதியில் வேலை செய்யும் அப்பா கறியைப் பிசைவதை நிறுத்தினார். "மூண்டு வருசம் யூனிவர்சிட்டியில படிச்சது, வெள்ளைக்காரக் கிழவன்ர சப்பாத்தைப் பார்க்கவோ பிள்ளை?"

கையை விட்டது

ஒரு பொருளைப் பெட்டியிலிருந்து எடுத்தால் அதன் உள்ளேயும் பார்த்து எழுதவேண்டும் என்று பயிற்சியில் சொன்னார்கள். பயிற்சியில் சொன்னதையெல்லாம் செய்கிறவள் நான். அன்று காலை, அந்தப் படத்தின் உடுப்பறைச் சுவரில் தொங்கிய ஒரு பழைய அறிவித்தலுக்கு அட்டை எழுதி முடித்திருந்தேன். "நடிகர்களின் உடுப்பையோ சப்பாத்தையோ அணியும் பணியாளர் அன்றே வேலையிலிருந்து நீக்கப்படுவார்" என்று தயாரிப்பாளர் கையெழுத்துப் போட்டிருந்தார். அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கையுறையோடு சிவப்புச் சப்பாத்துக்குள் கையை விட்டேன்.

விரல் நுனிப் பக்கம் ஏதோ அடைத்திருந்தது. வெளியே எடுத்தால், பந்தாகச் சுருட்டிய பெண்கள் நைலோன் காலுறை. மற்றச் சப்பாத்துக்குள் அதன் சோடி. சப்பாத்து பத்தாம் நம்பர். டெரிக்கின் உடுப்பு அளவுத் தாளிலும் பத்து. தன் அளவுச் சப்பாத்தை யாராவது அடைத்துப் போடுவார்களா? ஹெலனிடம் ஓடினேன். ஹெலன் காலுறையைப் பார்த்தார், சுவரொட்டியைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். "திறப்பு விழாவுக்கு ஒன்பது நாள்தான் கிடக்கு. நீ ஏன் உள்ளுக்க கையை விட்டனீ?"

பிஸ்கட் டின்

ரெய்னர்ஸ் லேனில் மகளோடு இருக்கிறார் படத்தின் ஒலிக்காரர் ஸ்டான்லி. அந்தக் காட்சியில் கேட்கிற சப்பாத்துச் சத்தம் சப்பாத்தின் சத்தமே இல்லையாம். பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து, இரண்டு மரக்கரண்டியால் இவர் அடித்ததாம். நான் நம்புகிறேன் என்று இரண்டு தரம் சொன்னேன். அவர் கேட்கவில்லை. மகளின் டின்னை எடுத்து மேசையில் கவிழ்த்து அடித்துக் காட்டினார். உள்ளே பிஸ்கட் இருந்தது. சத்தம் அசல் சத்தம்தான். பிஸ்கட்தான் மாவாகிப் போயிற்று. "அப்பா, இந்த மாதத்தில இது மூண்டாவது டின்!" என்று மகள் குசினிக்குள்ளிருந்து கத்தினார்.

சரி, கால் யாருடையது? கால்களை மட்டும் கிட்டப் போய் எடுக்கிற காட்சிகளை, நடிகர்களெல்லாம் போன பிறகு கடைசி நாளில் எடுப்பது வழக்கமாம். அன்றைக்கு டெரிக் ஊரிலேயே இல்லை. கமெராக்காரர், இவர், உடுப்பறையில் வேலை செய்த ஜோன் என்ற பெண்பிள்ளை, மூன்று பேர்தான். கமெராக்காரர் இப்போது உயிரோடில்லை. "அப்ப ஆடினது ஜோனா?" என்று கேட்டேன். ஸ்டான்லிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆர் ஆடினா எனக்கென்ன? கண்ணை மூடிக்கொண்டு படத்தைப் பார் பிள்ளை, ஆடுறது நான்தான்!"

எட்மண்டனில் தேநீர்

ஜோன் லண்டனின் எட்மண்டன் பகுதியில் தனியாக இருக்கிறார். காட்சியகத்திலிருந்து வருகிறேன் என்றதும் கதவைச் சாத்தினார். பிறகு திறந்து, மழை பெய்கிறதே என்று உள்ளே விட்டார். தேநீர் ஊற்றினார். நான் கைப்பேசியில் காலுறையின் படத்தைக் காட்டினேன். "ஐயோ, அது நல்ல நைலோன். எடுக்க மறந்துபோனன்" என்றார். அதோடு கதை வெளியே வந்தது. ஆடத் தெரிந்த ஆள் யாரும் இருக்கா என்று கமெராக்காரர் கேட்டிருக்கிறார். ஜோன் சனிக்கிழமை தவறாமல் ஆடப் போகிறவர். தன் காலுறையைக் கழற்றி டெரிக்கின் சப்பாத்துக்குள் அடைத்து, டெரிக்கின் காற்சட்டையை மாட்டிக்கொண்டு கவுண்டரில் ஏறியிருக்கிறார். மூன்று தரம் எடுத்தார்கள். இறங்கி, சப்பாத்தைத் துடைத்து இருந்த இடத்தில் வைத்துவிட்டார். கட்டின புருசனுக்குக்கூடச் சொல்லவில்லை.

"அட்டையில் உங்கள் பெயரைப் போடட்டா?" என்று கேட்டேன். நான் பார்த்துச் சிரித்த அந்த அறிவித்தலை, ஒரு சொல் பிசகாமல் மனப்பாடமாகச் சொன்னார். தயாரிப்பாளர் காலமாகி எவ்வளவோ வருடம் ஆயிற்றே என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "அவர் செத்தது எனக்குத் தெரியும் பிள்ளை, செத்தவீட்டுக்கும் போனனான். ஆனா அந்தாள் அறிஞ்சா என்ர வேலை போயிடும்."

முழங்கால் நோவு

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் அறுபது வருடம் கெடாமல் இருக்கும் என்றால், எனக்கு இன்னும் எத்தனை வருடம் கிடக்கிறது என்று பேருந்தில் கணக்குப் பார்த்தேன். ஜோன் சம்மதிக்காமல் பெயரைப் போட ஏலாது. டெரிக்கின் பெயரைப் போட்டால் பொய். ஒன்றும் போடாமல் விட்டால், அட்டை எழுத எனக்கு எதற்கு ஒப்பந்தம்?

திறப்பு விழாவுக்கு ஒத்திகை பார்க்க டெரிக் வந்தார். சொல்லவேண்டியதை மூன்று குறிப்பாகத் தாளில் எழுதி வைத்திருந்தேன். முதலாவது குறிப்பிலேயே தடக்கினேன். அவர் தாளை வாங்கித் தானே வாசித்தார். வாசித்துவிட்டுக் கதிரையில் இருந்தார். "அப்ப ஜோனோ!" என்றார். தன் கால் இல்லை என்று அவருக்கு எப்போதும் தெரியும்; யாருடையது என்றுதான் தெரியாது. வாயைத் திறந்தால் அடுத்த படம் இல்லை என்று தயாரிப்பாளர் சொல்லிவிட்டாராம். அதற்குப் பிறகு எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும், தன்னுடைய இரண்டு கலியாணங்கள் உட்பட, "டெரிக், ஒருக்கா ஆடிக் காட்டு" என்று பிடித்து இழுத்திருக்கிறார்கள். "முழங்கால் நோ, முழங்கால் நோ எண்டு பொய் சொல்லிச் சொல்லி, இப்ப மெய்யாவே நோகுது பிள்ளை."

அனுமதிக் கடிதம்

அவரே ஒரு வழி சொன்னார். காட்சியகத்துத் தாளில், "என் சப்பாத்தையும் காற்சட்டையையும் ஜோன் அணிவதில் எனக்கு முழுச் சம்மதம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் அதை எட்மண்டனுக்குக் கொண்டுபோனேன். ஜோன் மூக்குக் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டு வாசித்தார். மடித்துக் கைப்பைக்குள் வைத்துப் பூட்டினார். அப்புறம்தான் தன் பெயரை எப்படி எழுதவேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்தார். அட்டையை ஹெலனிடம் கொடுத்தேன். அவர் வாசித்தார். சுவரொட்டியைத் திரும்பவும் போய்ப் பார்த்தார். அதில் சப்பாத்துதான் இருக்கிறது, டெரிக்கின் பெயர் இல்லை. "நல்ல காலம். திருப்பி அடிக்கத் தேவையில்லை."

நாற்பது சொல்

திறப்பு விழாவில் டெரிக் கத்தரிக்கோலை ஜோனிடம் கொடுத்தார். கூட்டத்தில் யாரோ வழக்கம்போல "ஆடிக் காட்டுங்கோ!" என்று கத்தினார்கள். டெரிக் முதல் தடவையாக நிம்மதியாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஜோன் நடை வண்டியைப் பிடித்தபடி, வலது காலால் இரண்டு, இடது காலால் ஒன்று தட்டினார். அவ்வளவுதான். பின்வரிசையிலிருந்து பிஸ்கட் டின் சத்தம் கேட்டது. ஸ்டான்லி வீட்டிலிருந்தே கொண்டு வந்திருக்கிறார். கை தட்டல் ஓய்ந்ததும் ஜோன் என்னைக் கிட்டக் கூப்பிட்டு, கைப்பையைக் கொஞ்சம் திறந்து கடிதத்தைக் காட்டி, திரும்பவும் பூட்டினார்.

அப்பா ஷிப்ட் முடிந்து மஞ்சள் சட்டையோடு நேரே வந்திருந்தார். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று, விரலை வைத்து, நாற்பது சொல்லையும் இரண்டு தரம் வாசித்தார். "இதில உன்ர பெயர் எங்க?" என்று கேட்டார். அட்டை எழுதுகிறவர்களின் பெயரைப் போடுகிற வழக்கம் இல்லை என்றேன். அப்பா அட்டையைப் பார்த்தார், சப்பாத்தைப் பார்த்தார். "அப்ப நீயும் கவுண்டருக்கு மேல ஆடின கால்தான்."

ஹெலன் என் ஒப்பந்தத்தை மூன்று மாதம் நீட்டியிருக்கிறார்; ஆகவே என் சக தற்காலிகங்களே, பழைய சப்பாத்துக்குள் கையை விட்டால் வேலை போய்விடும் என்று தாராளமாகப் பயப்படுங்கள், பயந்துகொண்டே கையுறையைப் போட்டுக்கொண்டு விடுங்கள்.