உப்புக் காபி வூடு

நான் பிறப்பதற்கு முன்பே எங்கள் கூடத்தில் ஒரு சிரிப்புப் படம் எடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதில் பெண் பார்க்க வந்தவர்களுக்குச் சர்க்கரைக்குப் பதில் உப்புப் போட்ட காபி கொடுப்பார்கள். அத்தனை பேரும் எழுந்து ஓடி எங்கள் பச்சை ஜன்னல் வழியாகத் துப்புவார்கள். கேபிளில் அது ஓடாத மாதமே கிடையாது. விருத்தாசலத்தில் எங்கள் தெருவுக்கு வழி கேட்டால், "உப்புக் காபி வூடா?" என்பார்கள். பாழாய்ப் போன படம்!

என்னைப் பார்க்க வந்த முதல் இரண்டு இடமும் இதனால்தான் கெட்டது. ஒருவர் காபியை முகர்ந்து பார்த்தார். அடுத்து வந்த பெண்கள் சிரித்து முடிக்கவே இல்லை. எல்லாரும் "சொல்லி அனுப்புறோம்" என்று போனவர்கள்தான். அதனால் திட்டக்குடி மாப்பிள்ளை வந்த அன்று அம்மா ஜன்னலில் புடவையைத் திரையாகக் கட்டிவிட்டாள். போட்டோ பார்த்ததிலிருந்தே அவர் அமைந்துவிட வேண்டுமே என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது. சொல்வதில் என்ன வெட்கம்?

அப்பா வேலை செய்த சூளையில் வெந்த புதுப் பீங்கான் கப்புகளில் காபி கொண்டுபோனேன். மாப்பிள்ளையின் அப்பா ஒன்றைக் கையில் எடுத்தார். அந்த நேரம் பார்த்து ஃபேன் காற்றில் புடவை விலகியது.

"இது அந்தப் படத்துல வர்ற ஜன்னலாச்சே?"

"ஆமாங்க" என்றார் என் அப்பா.

மாப்பிள்ளையின் அப்பா கப்பைக் கீழே வைத்தார். "பேசி முடியட்டுங்க. சம்பந்தம்னு ஆன பெறவு கை நனைக்கலாம்."

அவ்வளவுதான், இதுவும் போச்சு. எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நானே குடிச்சுக் காட்டுறேங்க" என்று அந்தக் கப்பை எடுத்து ஒரு வாய் குடித்தேன்.

ஒரே கசப்பு. உப்பு விழுந்துவிடுமோ என்ற பதற்றத்தில் அம்மா எந்த டப்பாவையுமே தொடவில்லை போல. முகம் சுளித்தால் தீர்ந்தது. விழுங்கிவிட்டு, "சக்கரை சரியா இருக்குதுங்க" என்றேன்.

மாப்பிள்ளை எழுந்து வந்து தட்டிலிருந்து ஒரு கப்பை எடுத்தார். முழுவதும் குடித்தார்.

"சரியாத்தாம்பா இருக்குது."

அப்போதுதான் அடுப்படியிலிருந்து அம்மாவின் அலறல் வந்தது: "ஐயையோ, சக்கரையே போடலியேடி!"

அவர் அப்பா மகன் பக்கம் திரும்பினார். "ஏண்டா, சரியா இருக்குதுன்னு சொன்ன?"

"அவங்க சொன்னாங்களேப்பா."

அவர் மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

"எனக்கும் ஒண்ணு குடும்மா."