சனிக்கிழமை பாசஞ்சர்

எங்க மாமியார் செத்து மூணு மாசம் ஆகுது. அவுககிட்டப் படிச்சதுக, கூட வேலை பாத்ததுக எல்லாம் வீட்டுக்கு வந்து, நாலு நாடு பாத்த டீச்சர், பேத்திமேல உசிரையே வச்சிருந்தாகன்னு பேசிட்டுப் போனாக. எல்லாம் நெசந்தான். ஆனா அந்த மனுசியக் களவாணிய வேவு பாக்குத மாதிரி ஆறு மாசம் வேவு பாத்தவ நான். அதை யாரும் சொல்லப்போறதில்ல. அதனால நானே சொல்லுதேன்.

என் பக்கத்தையும் கேளுங்க. அத்தை பூட்டான்ல ஆறு வருசம், மாலத்தீவுல நாலு வருசம், பொறவு ஆப்பிரிக்கா பக்கம் பல வருசம்னு வாத்தியார் வேலை பாத்தவுக. மொதல்ல கிளம்பும்போது என் வீட்டுக்காரருக்கு அஞ்சு வயசு. சங்கரன்கோவில்ல சித்தி வீட்டுல விட்டுட்டுப் போயிட்டாக. வருசத்துக்கு ஒருக்க லீவுல வந்தா, இவரு சித்தி சீலையப் பிடிச்சுக்கிட்டு, இது யாருன்னு கேப்பாராம். அப்படிப்பட்டவுக ரிட்டயர் ஆகி வந்து எம்மகளைக் கீழ இறக்காமக் கொஞ்சுனா எனக்கு எப்படி இருக்கும்? பெத்த பிள்ளைகிட்ட காட்டாத பாசம் பேத்திகிட்ட மட்டும் எங்கருந்து பொத்துக்கிட்டு வருது? எலி அம்மணமா ஓடுதுன்னா சும்மாவா ஓடும்?

எம்மகளுக்குத் திக்குவாய். ரெண்டாங்கிளாஸ் போனதும் ரொம்பக் கூடிப்போச்சு. டீச்சர் பேரு கேட்டதுக்கு வாய் வராம நின்னுருக்கா, மத்த பிள்ளைக சிரிச்சிருக்கு. அன்னையில இருந்து பேச்சையே குறைச்சுட்டா. வசம்பத் தேன்ல உரசி நாக்குல தடவுனேன். கோயிலுக்கு நேந்துக்கிட்டேன். ஒண்ணும் கேக்கல. எம்பிள்ளை இப்படியே வாய மூடிருவாளோன்னு எனக்கு ஒரே பயம்.

அந்த நேரத்துலதான் அத்தை சனிக்கிழமை ஆனா அவளைக் கூட்டிக்கிட்டுக் காலையிலயே கிளம்ப ஆரம்பிச்சாக. எங்கன்னு கேட்டா, "சும்மா காத்தாடப் போறோம் மக்கா." சங்கரன்கோவில் வெயிலுக்குள்ள என்ன காத்து? மத்தியானம் திரும்பி வந்ததும் பிள்ளையச் சோதிப்பேன். நெத்தியில திருநீறு இல்ல, அப்போ கோயில் இல்ல. உள்ளங்கையில துரு. சட்டையப் பிடிச்சு மோந்து பாத்தேன், யாரு வீட்டுச் சாம்பார் வாடையும் இல்ல. எங்கடி போனீகன்னு அவ மொகத்துக்கு நேராக் குனிஞ்சு கேப்பேன். அவ தரையப் பாத்துக்கிட்டு நிப்பா.

ஒருநாள் அத்தை குளிக்கப் போனப்ப அவுக பையத் துழாவுனேன். எம்மகளோட ரெண்டு போட்டோ, பிறந்த சர்ட்டிபிகேட் ஜெராக்ஸ். கோயம்புத்தூர்ல அந்தச் சித்தி மக, எனக்கு நாத்தனா, இருக்கா, அங்கன இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஹாஸ்டல் இருக்குன்னு அவ எப்பவோ சொன்னது ஞாபகத்துக்கு வந்துது. தான் பிள்ளைய விட்டுட்டுப் போன மாதிரி எம்பிள்ளையையும் கொண்டுபோயி விடப் பாக்காகன்னு முடிவே கட்டிட்டேன். வீட்டுக்காரர்கிட்ட சொன்னா, "உனக்குக் கிறுக்கு"ன்னாரு. அவுக அம்மா, அப்படித்தான் சொல்லுவாரு.

அடுத்த சனிக்கிழமை தறிய நிறுத்திட்டுப் பின்னாலயே போனேன். ரயில்வே ஸ்டேசன். தென்காசி போற பாசஞ்சர்ல ஏறி ஜன்னலோரம் எதிரெதிரா உக்காந்தாக. எதுத்த வண்டி வரட்டும்னு கிராசிங்குக்கு வண்டி நின்னுது. நான் தண்ணித் தொட்டிக்குப் பின்னால நின்னேன்.

இங்கன ஒண்ணு சொல்லணும். எங்க விசைத்தறி ஓடுனா பக்கத்துல நிக்கிறவ கத்துனாலும் கேக்காது. தறிக்காரிக வாயப் பாத்தே பேசிக்கிடுவோம். பன்னெண்டு வருசத்துல என் காது பாதி போச்சு, ஆனா அம்பது அடிக்கு அங்கிட்டு ஒருத்தி என்ன பேசுதான்னு உதட்டப் பாத்துச் சொல்லிருவேன்.

எம்மக பேசிக்கிட்டு இருந்தா. உதடு நிக்காம ஓடிக்கிட்டு இருந்துது. எந்தக் கிளாஸ்ல எவ யாரைக் கிள்ளுனா, சத்துணவு முட்டைய எவன் பிடுங்குனான்னு கதை கதையாச் சொல்லுதா. நடுவுல ஒரு எடத்துல உதடு ஒட்டிக்கிட்டு நின்னுது. அத்தை அவளைப் பாக்கவே இல்ல. வெளிய பாத்துக்கிட்டுச் சும்மா இருந்தாக. வார்த்தை தன்னால வந்துது. பொறவு எம்மக சொன்னா: "அம்மாகிட்ட பேச்சு வரமாட்டேங்கு ஆச்சி. அம்மா என் வாயவே பாக்கா."

அவ சொன்னது நெசந்தான். தறிக்கூடத்துப் பழக்கம், யாரு பேசுனாலும் எங் கண்ணு வாய்க்குத்தான் போகும். அது மட்டுமா? வார்த்தை முடியுமுன்னே நானே முடிச்சுக் குடுப்பேன். பிள்ளைக்கு ஒத்தாசை பண்ணுதோம்னு நெனப்பு. வண்டி கிளம்பிப் போச்சு. போட்டோவும் ஜெராக்ஸும் சீசன் டிக்கெட்டுக்குன்னு பொறவுதான் தெரிஞ்சுது. வாரத்துக்கு ஒருநாள் போறதுக்குச் சீசன் டிக்கெட் எடுத்த ஆளு அவுகளாத்தான் இருக்கும்.

அத்தை என்னை அன்னைக்குப் பாத்தாகளா இல்லியான்னு இப்பவும் எனக்குச் சந்தேகம். ஏன்னா அடுத்த வாரம் செருப்ப மாட்டிக்கிட்டே, "நீயும் வாரியா மக்கா?"ன்னு கேட்டாக. அது வரைக்கும் கேட்டதே இல்ல. நான், "தறி கிடக்கு"ன்னுட்டேன். வெக்கம். அவுககிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேக்கல, உங்களை என்னவெல்லாமோ நெனச்சேன் அத்தைன்னு சொல்லல. ரெண்டு மாசத்துல காய்ச்சல்னு படுத்தாக, எந்திரிக்கல. அது என்னைய இன்னும் அறுத்துக்கிட்டுத்தான் இருக்கு.

அவுக போனதும் எம்மக மறுபடி வாய மூடிட்டா. பதினாறாம் நாள் முடிஞ்ச சனிக்கிழமை, நானே அவளைக் கூட்டிக்கிட்டு ஸ்டேசனுக்குப் போனேன். ஜன்னலோரம் எதிரெதிரா உக்காந்தோம். கழுத்து திரும்பப் பாக்குது, கண்ணு அவ வாய்க்கு இழுக்குது. கம்பியப் பிடிச்சுக்கிட்டு வெளியவே பாத்தேன். கரிசக்காடு போகுது, காத்தாடி எந்திரம் போகுது. பாம்புக்கோவில் சந்தை தாண்டுன பொறவு, எதுத்தாப்புல சத்தம் வந்துது. எம்மக பேசுதா. ரயில் இரைச்சல்ல என் காதுக்குப் பாதி கூட எட்டல. என்னமோ ஆச்சின்னு வந்துது, என்னமோ பள்ளிக்கூடம்னு வந்துது. வாயப் பாத்தா அம்புட்டும் தெரியும்.

"கேக்குதாம்மா?"ன்னா.

"கேக்குது, சொல்லு"ன்னேன், திரும்பாமலே.