வெளியூர் டிக்கெட்

செந்தாமரைக்குக் கை முன்னால் போகும், வாய் பின்னால்தான் வரும் என்று அவள் பிறந்த ஊரில் சொல்வார்கள். மேல்பட்டாம்பாக்கத்தைத் தாண்டி கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே கிடக்கிற கரையாம்பேட்டைதான் அந்த ஊர். அப்பன் கரும்பு வெட்டுக்குப் போகிறவர். பிள்ளைகள் இரண்டு. மூத்தவள் இவள், அடுத்தவன் ராஜாங்கம். நாய் குரைத்தால்கூட அக்காவின் பாவாடையைப் பிடித்துக்கொள்கிற பிள்ளை அவன்.

சின்ன வயதில் ஒரு நாள் அன்புமணி என்கிற பெரிய பையன் ராஜாங்கத்தின் தலையைப் பிடித்துப் பம்புசெட்டுத் தொட்டியில் முக்கினான். சும்மா விளையாட்டு என்று சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ராஜாங்கத்துக்குக் கண் செருகிவிட்டது. செந்தாமரை ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டியில் ஏற்றியிருந்த கட்டிலிருந்து ஒரு கரும்பை உருவினாள். ஒரே வீச்சு. கணு பட்ட இடத்தில் அன்புமணியின் இடது காது பாதி கிழிந்து தொங்கியது. பண்ருட்டிக்குத் தூக்கிப் போய்த் தையல் போட்டும் அந்தக் காது கோணலாகத்தான் ஆறியது. அவனுடைய அம்மா வந்து இவர்கள் வாசலில் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள். அன்றைக்கு அப்பன் புளிய விளாறால் அடித்ததில் செந்தாமரையின் முதுகு வரி வரியாகத் தடித்தது. அவள் அழவில்லை. பக்கத்தில் நின்று ராஜாங்கம்தான் அழுதான்.

வயது வந்ததும் முத்தாண்டிக்குப்பத்து ராமலிங்கத்துக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அத்தை வழியில் தூரத்து முறை மாப்பிள்ளை. நெய்வேலிச் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை. கல்யாணமான முதல் மாதமே குடித்துவிட்டு வந்து கன்னத்தில் அறைந்தார். இவள் களி கிண்டிக்கொண்டிருந்த துடுப்பாலேயே திருப்பிக் கொடுத்தாள். மனுஷன் நெற்றியில் தழும்போடுதான் வாழ்ந்தார். அதற்குப் பிறகு கையை ஓங்கியதில்லை, அன்பாகத்தான் இருந்தார். பிள்ளை தங்கவில்லை. ஒரு மழை நாளில் ஷிப்ட் முடிந்து வருகையில் லாரி அடித்துப் போய்ச் சேர்ந்தார்.

அந்தப் பக்கத்துக் கிராமங்களில் தலைக்கட்டு வரி என்று ஒன்று உண்டு. கோயில் திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று ஆண்பிள்ளை பேரில் வாங்குவார்கள். வரி கொடுத்தவன்தான் ஊர்க்காரன். ராமலிங்கம் செத்த வருஷம் முத்தாண்டிக்குப்பத்தில் வரி வாங்க வந்தவர்கள், "ஆம்பளை இல்லாத வூடு, வுடுங்கப்பா" என்று அவள் வாசலைத் தாண்டிப் போனார்கள். புண்ணியம் செய்கிறதாக அவர்களுக்கு நினைப்பு. செந்தாமரை உள்ளே நின்று கேட்டாள். ஊர்க் கணக்கிலிருந்து தன்னைத் துடைத்துவிட்டார்கள் என்று அவளுக்குப் பட்டது. போகட்டும், நமக்குப் பிறந்த ஊர் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அந்த ஒரு நினைப்பில்தான் அவள் உயிர் ஓடியது.

நெய்வேலி டவுன்ஷிப்பில் குப்பை வாருகிற காண்ட்ராக்ட் வேலைக்குச் சேர்ந்தாள். இருபத்தொன்றாம் வட்டத்து மைதானமும் அவள் கணக்கில் வந்தது. ஷிப்ட் முடிந்த காண்ட்ராக்ட் பையன்கள் அங்கே பந்து ஆடுவார்கள். கரிப்படை என்று பேர் வைத்துக்கொண்ட கூட்டம். சுரங்கத்தில் கரி ஓடுகிற பெல்ட்டில் வேலை பார்க்கிற நிலவன்தான் அதில் முன்னால் நின்று கோல் போடுகிறவன். அவள் விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தாள். பிறகு கத்த ஆரம்பித்தாள். "ஏண்டா நிலவா, பந்தை வச்சிகினு இன்னா கொஞ்சினு இருக்குற, ஒதைடா!" அந்தச் சத்தத்துக்கு எதிர் கோல்கீப்பருக்குப் பந்து கைநழுவும் என்பான் நிலவன். ஆட்டம் எங்கே நடந்தாலும் அக்கா இல்லாமல் வண்டி கிளம்பாது என்று ஆயிற்று.

போன ஆடி மாதம் கரையாம்பேட்டைத் திருவிழாவை ஒட்டி பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுகிற பந்துப் போட்டி வைத்தார்கள். கடைசி ஆட்டத்துக்குக் கரிப்படையும் கரையாம்பேட்டையும் வந்து நின்றன. கூடவே ஒரு சேதியும் வந்தது. உள்ளூர்க்காரருக்கு வெள்ளை டிக்கெட், ஐம்பது ரூபாய். நிழல் விழுகிற மேற்குப் பக்கம், பெஞ்சு. வெளியூர்க்காரருக்கு ரோஸ் டிக்கெட், இருநூறு. சாயங்கால வெயில் நேரே கண்ணில் குத்துகிற கிழக்குப் பக்கம், கயிறு கட்டின பட்டிக்குள் தரையில் உட்கார வேண்டும்.

நிலவன் கொதித்துப்போய்க் கமிட்டித் தலைவருக்குப் போன் போட்டான். தலைவர் வேறு யாருமில்லை, அந்தக் கோணல் காது அன்புமணிதான்.

"நாங்க எங்க கிரவுண்டுல எல்லாருக்கும் ஒரே வெலதானே வெக்கிறோம்? நீங்க மட்டும் இன்னாங்க இப்படி?"

"எங்க ஊர்ல தலைக்கட்டுக்குத் தலைக்கட்டு வரி குடுத்திருக்கான்பா. அந்தக் காசுலதான் பந்தலு, பெஞ்சு எல்லாம். நீ குடுத்தியா? நெய்வேலிக்காரனுக்கு இருநூறு ஒரு காசா? பர்மனெண்ட் சம்பளம், குவார்ட்டர்ஸ், ஏசி."

போனைச் சுற்றி நின்றவர்களில் ஒருத்தன்கூடப் பர்மனெண்ட் கிடையாது. ஆட்டம் பார்க்கப் போனால் அன்றைக்குக் கூலி போகும், அதற்கு மேல் வண்டி வாடகை, அதற்கு மேல் இருநூறு. பாதிப் பேர் வரவில்லை என்று ஒதுங்கினார்கள்.

அப்போதுதான் செந்தாமரை வாயை விட்டாள். "அது என் பொறந்த ஊருடா. கேட்டுல டிக்கெட்டுக் கிழிக்கிறவனே என் தம்பிதான். பொறந்த பொண்ணுக்கு எவன் வெளியூர் டிக்கெட் குடுப்பான்? எங்கூட வர்றவன் அத்தனை பேருக்கும் வெள்ளை டிக்கெட். ஏறுங்கடா வண்டியில."

ராஜாங்கத்துக்குப் போன் போனது. அவனுக்குப் பின்னால் பெண்டாட்டி மலர்கொடி, "வாணாம்னு சொல்லுய்யா" என்பது கேட்டது. அவள் குள்ளஞ்சாவடிக்காரி, விவரமானவள்.

"வாக்கா," என்றான் ராஜாங்கம் கடைசியில். "மாமன் வூட்டு ஆளுங்கன்னு சொல்லிக்கிறேன். ஆனா ஒண்ணு. அந்தப் பக்கம் உக்காந்துகினு வாயத் தொறக்கக் கூடாது. சத்தியமா."

"நான் எதுக்குடா கத்தப் போறேன்," என்றாள் அவள்.

குட்டியானை வண்டியில் நெருக்கியடித்துப் போனார்கள். கேட்டில் ராஜாங்கம் யார் முகத்தையும் பார்க்காமல் வெள்ளை டிக்கெட்டைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தான். எதிரே கயிற்றுப் பட்டிக்குள், அவன் கொடுத்த டிக்கெட் போதாமல் ரோஸ் டிக்கெட் வாங்கிய கரிப்படை ஆட்கள் கொஞ்சம் பேர் கண்ணுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஆட்டம் தொடங்கின கையோடு கரையாம்பேட்டை ஒரு கோல் போட்டது. மேற்குப் பக்கம் எழுந்து குதித்தது. "கரிக்குள்ளயே போய்ப் படுங்கடா!" என்று பின் பெஞ்சுக்காரன் கத்தினான். அவன் துப்பின வெற்றிலைச்சாறு செந்தாமரையின் தோளில் தெறித்தது. அவள் முந்தானையால் துடைத்துக்கொண்டாள். மைதானத்தில் நிலவனின் முழங்காலை வேண்டுமென்றே உதைத்தார்கள். ரெப்ரி வேறு பக்கம் பார்த்தார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். உதட்டில் ரத்தம் உப்புக் கரித்தது.

இடைவேளைக்கு முன்னால் நிலவன் நொண்டிக்கொண்டே ஒரு பந்தைத் திருப்பினான். கோல்கீப்பருக்குத் தெரியும் முன்னே வலை ஆடிற்று.

மேற்குப் பக்கம் செத்த வீடு மாதிரி ஆனது. அந்த அமைதிக்குள்ளே ஒரே ஒரு குரல் கிழித்துக்கொண்டு எழுந்தது. "போட்டான்டா என் சிங்கம்!"

தன் குரல்தான் என்று தெரிகிறதற்குள் அவள் பெஞ்சு மேல் நின்றுகொண்டிருந்தாள்.

"யாருடி நீ?" பின் பெஞ்சுக்காரன் அவள் கொண்டையைப் பிடித்து இழுத்தான். அவள் முழங்கையால் அவன் மூக்கில் குத்தினாள். கூட வந்த பையன்கள் எழுந்தார்கள். அவ்வளவுதான். பெஞ்சுகள் கவிழ்ந்தன. பந்தல் கால்களைப் பிடுங்கினார்கள். குடையும் செருப்பும் பறந்தன. ஒரு பையனைக் கீழே தள்ளி நெஞ்சில் மிதித்தார்கள். செந்தாமரையின் கையில் ஒரு சவுக்குக் கழி கிடைத்தது; எவன் தலை, எவன் தோள் என்று அவள் பார்க்கவில்லை. யாரோ அவள் கையைப் பின்னால் முறுக்கியதில் சுண்டுவிரல் சடக்கென்று ஒடிந்து பின்பக்கம் திரும்பிற்று.

"எல்லாம் வெள்ளை டிக்கெட் வச்சிகினு இருக்கானுங்க!" என்று ஒருத்தன் தூக்கிக் காட்டினான். உடனே அடி திசை மாறியது. கேட்டிலிருந்து ராஜாங்கத்தைச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தார்கள். வருகிற வழியெல்லாம் அடி. அவன் பல் ஒன்று மண்ணில் விழுந்தது.

அன்புமணி கையைத் தூக்கவும் கூட்டம் நின்றது. கோணல் காதைத் தடவிக்கொண்டே அவன் ராஜாங்கத்துக்கு முன்னால் குந்தினான்.

"ராஜாங்கம், ஒரே கேள்வி. இவ இந்த ஊர்க்காரியா, வெளியூர்க்காரியா? ஊர்க்காரின்னா இவ தலைக்கட்டு வரிய நீதான் குடுத்திருக்கணும். குடுக்கல. ஊரை ஏமாத்துனதுக்கு உன்னைத் தள்ளி வெச்சிருவோம், உன் வூட்டு நல்லது கெட்டதுக்கு ஒருத்தன் வர மாட்டான். வெளியூர்க்காரின்னு சொல்லிட்டுப் போ, அபராதத்தோட போச்சு."

செந்தாமரை ஒடிந்த விரலைப் பிடித்துக்கொண்டு தம்பியைப் பார்த்தாள். பட்ட அடியெல்லாம் அப்போது அவளுக்கு வலிக்கவில்லை. இவன் வாயிலிருந்து வரப்போகிற ஒரு சொல்லுக்காக அவள் நின்றாள்.

ராஜாங்கம் தரையைப் பார்த்தான். ரத்தம் ஒழுகின வாயால், "வெளியூர்தாங்க," என்றான். "கட்டிக் குடுத்தாச்சு இல்லீங்களா."

அவள் நடந்து போய் அவனை ஒரு அறை அறைந்தாள். ஒடிந்த கை. அறைந்தவளுக்குத்தான் உயிர் போயிற்று. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அன்புமணி எழுந்து, "அதான் சொல்லிட்டானே. இவனுக்கு இன்னும் நாலு குடுங்கடா, ஞாபகம் இருக்கட்டும்," என்று ராஜாங்கத்தின் விலாவில் காலால் உதைத்தான்.

இரண்டாவது உதை விழவில்லை. செந்தாமரை கீழே கிடந்த கழியை இடது கையால் எடுத்துச் சுழற்றி அன்புமணியின் முழங்காலில் போட்டாள். ஓங்கின காலோடு அவன் சாய்ந்தான். "அவனை நான் அடிப்பேன், கொல்லுவேன். நீ தொட்டீன்னா இன்னொரு காது இருக்குது பாரு உனக்கு!" தம்பிக்கு மேலே காலை அகட்டி நின்றுகொண்டு அவள் கழியைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்து ஒருத்தனும் பக்கத்தில் வரவில்லை. டீக்கடைக்குப் போயிருந்த இரண்டு போலீஸ்காரர்கள் அப்போதுதான் லத்தியோடு ஓடி வந்தார்கள்.

ஆட்டத்தை நிறுத்திவிடலாம் என்றார் பெரிய போலீஸ்காரர். நிறுத்தினால் டிக்கெட் காசைத் திருப்பித் தர வேண்டுமே என்றது கமிட்டி. அதனால் ஆட்டம் தொடர்ந்தது.

செந்தாமரை கேட்டுக்குப் போனாள். இடுப்புச் சுருக்குப்பையை இடது கையாலும் பல்லாலும் அவிழ்த்து, இருநூறு ரூபாயை மேசையில் வைத்தாள். அங்கே இப்போது வேறு ஒருத்தன் உட்கார்ந்திருந்தான். "வெளியூர்," என்றாள். ரோஸ் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு கிழக்குப் பக்கம் போய்க் கயிற்றுக்குக் கீழே குனிந்து பட்டிக்குள் நுழைந்தாள். முந்தானையைக் கிழித்து விரலைக் கட்டிக்கொண்டாள். வெயில் கண்ணைப் பொட்டையாக்கிற்று. மைதானத்தில் ஓடுகிறவர்கள் நிழலாகத்தான் தெரிந்தார்கள். அவள் கத்தினாள். தொண்டை கட்டுகிற வரைக்கும், கட்டின பிறகும் கத்தினாள். ஆத்தாள் செத்த அன்றைக்குக்கூட அப்படிக் கத்தினவளில்லை.

பக்கத்தில் யாரோ கயிற்றைத் தூக்கிக் குனிந்து வந்து உட்கார்ந்தார்கள். அவள் திரும்பவில்லை. பீடி நாற்றமும் ரத்த வாடையும் வந்தன.

"அக்கா."

அவள் விரல் கட்டை இறுக்கிக்கொண்டாள்.

"காசு குடுத்துத்தான் வந்தேன்க்கா." வீங்கின கையில் ராஜாங்கம் ஒரு ரோஸ் டிக்கெட்டைப் பிடித்திருந்தான். "அன்புமணி பார்த்துகினுதான் இருந்தான்."

எதிரே நிழலில் ஊர் முழுக்க உட்கார்ந்திருந்தது. கண் கூசுகிற வெளிச்சத்தில் அவர்கள் முகம் இவளுக்குத் தெரியவில்லை. இவர்கள் முகம் அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

"எழுந்து போயிருடா," என்றாள். "நாளைக்கு அங்கதானே நீ குடித்தனம் பண்ணணும்."

அவன் எழவில்லை. அந்த நேரம் நிலவன் பந்தோடு இறங்கினான். செந்தாமரைக்குக் குரல் வரவில்லை, வெறும் காற்றுதான் வந்தது. தம்பியின் தோளில் ஒரு குத்து விட்டாள்.

"அப்போ கத்துடா. இருநூறு ரூபா குடுத்திருக்குற இல்ல?"

ராஜாங்கம் வாழ்நாளில் சத்தம் போட்டவனில்லை. பல் போன வாயைத் திறந்து, ரத்தம் தெறிக்க, "ஒதைடா நிலவா!" என்றான். கன்றுக்குட்டி கத்தின மாதிரி இருந்தது. மேற்குப் பக்கத்துத் தலைகளெல்லாம் ஒன்றாகத் திரும்பின.

முதல் கல் வந்து கயிற்றுக்கு வெளியே விழுந்தது. அடுத்தது உள்ளே வந்தது. செந்தாமரை எழுந்து, வெயிலைப் பார்த்தபடி, தம்பிக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.